இடுப்பில் அரைக்கிலோ

என் அக்கா வெற்றிச்செல்வி எடைமேடை வாசலில் ஒருவனைச் சுட்டுவிட்டாள் என்ற செய்தி, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் இளவரசன். அக்கா ஊர்ப் பக்கம் குன்னத்துக்காரன், இங்கே கப்பல் பட்டறையில் வேலை. அவனுக்கு அவன் மச்சினன் போனில் சொன்னானாம். மச்சினனுக்கு லாரி ஷெட்டில் யாரோ சொன்னார்களாம். சுட்டது ஆளையா, லாரி டயரையா என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

"டயராத்தான் இருக்கும் மாப்ள. ஆளுன்னா பேப்பர்ல வந்திருக்கும்ல" என்று அவனே எனக்குச் சமாதானமும் சொன்னான். பிறகு பக்கத்தில் வந்து, "இடுப்புலயே வெச்சிருக்காங்களாமே, அது நெசமா?" என்றான்.

நான் காய்க்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தேன். துப்பாக்கி என்ற சொல்லைப் பொது இடத்தில் உரக்கச் சொல்வதற்கே எனக்கு இந்த ஊரில் நடுக்கம் உண்டு. ரயில் நிலையத்துக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்று அக்காவை அழைத்தேன்.

அவள் சிரித்தாள். மேடையில் ஏறி நின்ற லாரியின் பின்டயர் வெயிலுக்கு வெடித்ததாம். சத்தம் கேட்டு அறையைவிட்டு வெளியே ஓடிவந்திருக்கிறாள். ஓடிவந்தவளின் கை இடுப்புக்குப் போயிருந்ததை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். மிச்சத்தை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

"கை அதுவா போயிடுச்சுடா தம்பி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் தா.பழூர்ப் பக்கம். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் அம்மா எங்களை வளர்த்தாள். நான் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி இங்கிலீஷ் காலேஜில் முடித்துக் கடல் தாண்டிவிட்டேன். அக்கா பத்தாவதோடு நின்று, அறிவரசன் மாமாவைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் போனாள். மாமா அரியலூர் சாலையில் எடைமேடை வைத்திருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமென்ட் ஆலைக்குப் போகிற வழியில் அதில் ஏறி நின்று, எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு போகும். மேடைக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த ஓர் அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. மகள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பதை அம்மா சாகும்வரை ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. எடை போடும்போது டிரைவர் வண்டியைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது விதி. சோம்பேறித்தனமாக மேலேயே உட்கார்ந்திருப்பவரிடம், "எறங்குங்கண்ணே, ஒங்க தொப்பையையும் சேத்துக் காட்டுது பாருங்க" என்று மைக்கில் சொல்வாள். எதிர் டீக்கடையே சிரிக்கும். மைக் வைத்ததே அவள் யோசனைதான்.

சிங்காரவேலு அந்தப் பக்கத்தில் குவாரி குத்தகைக்கு எடுத்தவன். அவன் லாரிகள் அனுமதிச் சீட்டில் உள்ளதைவிட அதிகமாக ஏற்றிக்கொண்டு வரும். அனுமதியில் இருக்கும் எடையையே மேடையும் காட்டியதாகச் சீட்டு அடித்துத் தர வேண்டும் என்று கேட்டான். மாமா மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல், அப்படி அடித்துத் தருகிறவர்களைப் பற்றியும் நாலு இடத்தில் பேசினார். ஒரு மத்தியானம் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது, அறைக்குள் சிங்காரவேலு ஜாக்கி ராடால் மாமாவை அடித்துக்கொண்டிருந்தான். அக்கா குறுக்கே கையை நீட்டினாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மாமா திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

மேடையில் வேலை பார்த்த ஆள், அந்த நேரத்தில் தான் டீ குடிக்கப் போயிருந்ததாக வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டான். கண்ணால் பார்த்த சாட்சி என்று மிஞ்சியது அக்கா ஒருத்திதான். சிங்காரவேலு ஜாமீனில் வெளியே வந்தான். அவன் வந்ததிலிருந்து ஒரு பைக் தினமும் எடைமேடைப் பக்கம் வரும். இரண்டு பேர். ஒன்றும் பேச மாட்டார்கள். மேடையில் வண்டியை ஏற்றி நிறுத்தி, ஜன்னலையே பார்ப்பார்கள். எடையைக் காட்டச் சொல்லிக் கை காட்டுவார்கள். அக்கா காட்டுவாள். போய்விடுவார்கள்.

அரியலூர் கோர்ட்டில் சாட்சி சொல்லும்வரை அவள் உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு பேசிய எல்லாப் பேச்சுக்கும் அடியில் கிடந்தது இந்த ஒன்றுதான். சிங்கப்பூர் வந்துவிடு என்றேன். நந்தினியோடு திருச்சியில் வீடு எடுத்துத் தங்கு என்றேன். நந்தினி அவள் மகள், திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அக்கா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. மேடையை மூடினால் தான் பயந்துவிட்டதாக ஆகிவிடும், பயந்தவள் சாட்சி எடுபடாது என்று அவளே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தாள். துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட்டிருப்பதை, போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

லைசென்ஸ் வர வெகு காலம் பிடித்தது. வி.ஏ.ஓ. வந்து விசாரித்தார், ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்தார்கள், பக்கத்து வீடுகளில், எதிர் வீட்டில், பால்காரரிடம் கேட்டார்கள். மறைத்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருளைப் பற்றித் தெரு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அதை வாங்க விடுகிறார்கள். கடைசியில் உத்தரவு வந்தது. அக்காவும் நந்தினியும் திருச்சியில் ஆயுதக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் முதலில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "சார் வரலீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"அப்பாவக் கொன்னுட்டாங்க. அதுக்குத்தான் இது" என்றாள் நந்தினி.

கடைக்காரர் வாசலைப் பார்ப்பதை விட்டார். டீ வரவழைத்தார். இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பிஸ்டல். தட்டையானது, சோப்பு டப்பா மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மேலே துணி போட்டால் தெரியாது. ஆனால் சுடுவதற்கு முன் அதன் மேல் பாகத்தை ஒரு கையால் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அக்கா இழுத்துப் பார்த்தாள். ஒட்டவைத்த மணிக்கட்டில் வலிதான் ஏறியது, அது நகரவில்லை. இன்னொன்று ரிவால்வர். கைக்கு அடக்கமாக, குட்டைக் குழலோடு, பெண்கள் வைத்துக்கொள்வதற்கென்று எடை குறைத்துச் செய்தது. அரைக்கிலோதான். இழுக்க ஒன்றுமில்லை, விசையை அழுத்தினால் போதும். ஆனால் நடுவில் தோட்டா வைக்கும் உருளை இருக்கிறதே, அது குடமிளகாய் மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். எதைப் போட்டு மூடினாலும் ஒரு மேடு தெரியும்.

தெரியாமல் இருப்பது சுட முடியாதது, சுட முடிவது வெளியே தெரிவது. அக்கா ரிவால்வரை எடுத்துக்கொண்டாள். "மறைக்கிறது என் பாடு" என்று கடைக்காரரிடம் சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் எடைமேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து அவள் மேடையில் ஏறி நின்றாள். எண் அறுபது காட்டியது. ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி ஏறினாள். அப்போதும் அறுபதுதான். லாரி எடை போடும் மேடைக்கு அரைக்கிலோ ஒரு பொருட்டில்லை. "மேடைக்கே தெரியல, மனுசனுக்கா தெரியப்போவுது" என்று எனக்குப் போன் செய்து குதித்தாள். மாமா போன பிறகு அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் உடம்புக்குத் தெரிந்தது. முதலில் கைப்பையில் வைத்தாள். பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு அம்மா, "பையக் குடுங்க, மடியில வெச்சுக்கிறேன்" என்று கையை நீட்டிவிடும். கொடுக்காவிட்டால் அந்த அம்மாவுக்குக் கோபம். கொடுத்தால் இவளுக்கு உயிர் போகும். பை சரிப்படவில்லை. சேலை கட்டி இடுப்பில் செருகினாள். பாவாடை நாடா அரைக்கிலோவைத் தாங்கவில்லை, நடக்க நடக்கக் கீழே இறங்கியது. நாடாவை இறுக்கினால் இடுப்பில் சிவந்து வரிவரியாகத் தடித்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் குழல் தொடையில் குத்தியது, கொஞ்சம் பின்னால் தள்ளிவைத்தால் இடுப்பெலும்பில் இடித்தது. வியர்வையில் அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கத் தொடங்கியது.

இங்கிருந்து என்னால் செய்ய முடிந்தது படிப்பது ஒன்றுதான். கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல், உறுத்தாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று அமெரிக்காக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடப் பயந்து, பூங்காவில் உட்கார்ந்து போனில் படித்து, படித்த சுவட்டை அழித்துவிட்டு, அக்காவுக்குத் தமிழில் சொல்வேன். ஒரு சைஸ் பெரிய பேன்ட் வாங்க வேண்டும், தடித்த பெல்ட் போட வேண்டும், மேலே சட்டையைத் தொளதொளவென்று விட வேண்டும்.

"சேலைக்கு என்னடா போட்டிருக்கான்?"

"சேலையப் பத்தி இல்லக்கா."

"நைட்டிக்கு?"

"அதுவும் இல்ல."

"அப்ப அவன் ஊருல பேன்ட் போட்டவங்களுக்கு மட்டுந்தான் எதிரி போலருக்கு."

கடைசியில் வழியை அவளே கண்டுபிடித்தாள். பிரசவமான பெண்கள் வயிறு இறங்குவதற்காகக் கட்டுகிற அகலமான பெல்ட் மெடிக்கலில் கிடைக்கிறது. நந்தினி பிறந்தபோது கட்டியதைப் போல ஒன்று வாங்கினாள். அதில் ஓர் உறை தைத்துவிட்டால் எடை இடுப்பைச் சுற்றிப் பரவிவிடும், எங்கேயும் குத்தாது. மேலே நீளமான சுடிதார் டாப், துப்பட்டா. தைப்பதற்குப் பெரம்பலூரில் அவளுக்கு வழக்கமாக ரவிக்கை தைக்கும் சுமதியிடம் போனாள். பொருளைக் கொண்டுபோகவில்லை. பேப்பரில் வைத்துச் சுற்றிலும் பேனாவால் வரைந்து, "நந்தினிக்கு ஆஸ்பத்திரி சாமான் வைக்கிற பைடி" என்று சொன்னாள்.

சுமதி கெட்டிக்காரி. லாரித் தார்ப்பாய்த் துணியை உள்ளே வைத்து, வியர்வை படாமல் ரெக்சின் கொடுத்து, விசை இருக்கும் இடத்தில் கெட்டி அட்டை வைத்துத் தைத்தாள். விசை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தைத்த பிறகு எல்லாத் துணிக்கும் செய்வதைப் போலவே இதற்கும் செய்தாள். அளவுக் காகிதத்தை வெட்டி, மேலே "வெற்றி அக்கா, பெல்ட்" என்று எழுதி, மறுபடி தைக்க வந்தால் உதவும் என்று கடைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். கழுத்து அளவு, கை அளவு என்று தொங்கும் மற்றக் காகிதங்களோடு அதுவும் துப்பாக்கி வடிவத்தில் தொங்கியது. ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள், கூட வருகிற மாமியார்கள் எல்லோரும் பார்த்தார்கள். எந்தப் பக்கத்து இடுப்பு என்பதுகூட ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா போய்ச் சண்டை போட்டாள். சுமதி திகைத்துப்போய், "அளவ வெக்கலன்னா அடுத்த தடவ நீங்கதானக்கா சத்தம் போடுவீங்க" என்றாளாம்.

நான் அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் நான் பயந்ததற்கு நேர்மாறாக நடந்தது. பைக் வருவது நின்றுவிட்டது. மேடையில் ஏறி நின்று ஜன்னலைப் பார்த்தவர்களை அதற்குப் பிறகு காணவில்லை. டயர் வெடித்து, சுட்டுவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பிய பிறகு, சிங்காரவேலுவின் லாரிகள் அந்தச் சாலையையே விட்டுச் சுற்றுவழியில் போனதாக டீக்கடையில் சொன்னார்கள். மறைத்ததைவிட வெளியே தெரிந்ததே காவலாக இருந்தது. அக்காவுக்குச் சுமதிமேல் இருந்த கோபம் போய்விட்டது.

அதே சமயம் மற்றவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். டிரைவர்கள் இப்போது சொல்லாமலே வண்டியைவிட்டு இறங்கினார்கள். மைக்கில் அவள் கிண்டல் செய்தால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையைத் தூக்கப் போனபோது அதன் அம்மா, "தூங்குற நேரங்க்கா" என்று உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிறுவாச்சூர் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் போகிற வழக்கம் அவளுக்கு. இடுப்பில் அதை வைத்துக்கொண்டு ஆத்தா சந்நிதிக்குள் போக அவளுக்கு மனம் வரவில்லை. கழற்றி வைத்துவிட்டுப் போகச் செருப்பா அது? நந்தினி ஊரில் இருந்தால் தேங்காயை அவளிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, கற்பூரம் விற்கிறவர்களோடு வெளியே நின்றாள். நந்தினி லீவுக்கு வந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தபோது வயிற்றில் அது இடித்தது.  அடுத்த தடவை பிள்ளை பக்கவாட்டில் நின்று தோளை மட்டும் பிடித்துக்கொண்டாள். இதை எனக்குச் சொன்னது நந்தினி.

பெல்ட் சுகமாக இருக்கிறதா, உறுத்துகிறதா என்று அக்காவிடம் கேட்டேன்.

"கொஞ்சம் உறுத்தத்தாண்டா செய்யிது. சுத்தமா உறுத்தாம இருந்தா மறந்துடுவேன். ஒருநா மறந்து பாத்ரூம்ல கழட்டி வெச்சுட்டு மேடைக்குப் போயிட்டேன். திரும்பி வர்ற வரைக்கும் ரோட்டுல போற ஒவ்வொருத்தனும் அவனாவே தெரிஞ்சான்" என்றாள்.

கோர்ட்டில் அவளைச் சாட்சிக்கு அழைத்துத் தேதி வந்தது. அதற்குச் சற்று முன்னால் தேர்தலும் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். உயிருக்கு ஆபத்து இருக்கிறது, விலக்கு வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பரிசீலனை முடியும்வரை கையில் வைத்திருக்க முடியாது. ஒப்படைத்தாள். வாங்கிக்கொண்ட போலீஸ்காரர் உறையையும் கேட்டிருக்கிறார். "உறைக்கு லைசென்ஸ் இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

வெறும் உறை தொளதொளவென்று தொங்கியது. மேடு போய்விட்டது. இத்தனை நாள் அந்த மேட்டைப் பார்த்துத்தான் அவர்கள் விலகி நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியும். எடைமேடையைச் சுற்றி லாரியிலிருந்து உருண்டு விழுந்த சுண்ணாம்புக்கல் எப்போதும் கிடக்கும். கைக்கு அடக்கமாக ஒன்றைப் பொறுக்கி, மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்து, பழைய துணியில் சுற்றி உறைக்குள் செருகினாள். நடை மாறவில்லை. மேடு அப்படியே இருந்தது.

தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் வந்திருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும் என்று நான் கத்தினேன். "பேப்பர் படிக்கிறவன் வேற, கடப்பாரை தூக்குறவன் வேறடா" என்றாள். தனக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் சொல்லியும் வைத்திருந்தாள். கொஞ்ச நாள் அது எடுபட்டது. பைக் வரவில்லை.

கோர்ட்டில் கொடுத்த முதல் தேதிக்கு அரியலூர் போனாள். கூட ஒரு பெண் போலீசை அனுப்பியிருந்தார்கள். கோர்ட் வாசலில் எல்லோரையும் சோதனை போட்டு உள்ளே விட்டார்கள். பெண்கள் வரிசையும் ஆண்கள் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில். தடவிப் பார்த்த பெண் காவலரின் கையில் மேடு தட்டியது. "என்னம்மா இது?" என்று டாப்பை விலக்கி எடுத்து, துணியைப் பிரித்து, மேஜைமேல் வைத்தார். வெள்ளைக் கல். இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். கோர்ட்டுக்குத் துப்பாக்கி கொண்டுபோக முடியாது என்பது தெரிந்தவள், கல்லையும் கொண்டுபோக முடியாது என்பதை யோசிக்கவில்லை.

"கல்லு எதுக்கும்மா?"

"வயித்துவலிங்க. ஒத்தடம் குடுக்க" என்றாளாம் அக்கா. காவலர்கள் சிரித்துவிட்டார்கள்.

பக்கத்து வரிசையில் சிங்காரவேலு நின்றான். அவனும் அதே வாசல் வழியாகத்தானே போக வேண்டும். மேஜையைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை. மரியாதையாக, அக்கம்பக்கத்து ஆளிடம் விசாரிப்பதைப்போலக் கேட்டான்.

"என்னம்மா, நம்ம குவாரிக் கல்லா?"

அன்று அவன் வக்கீல் வாய்தா கேட்டார். அக்காவைக் கூண்டில் ஏற்றவில்லை. வேறு தேதி கொடுத்தார்கள். அரசு வக்கீலிடம் அக்கா நடந்ததைச் சொன்னாள். கல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதை மிரட்டல் என்று எப்படி எழுதுவது என்று அவர் கேட்டார். 

மறுநாள் பைக் திரும்ப வந்தது. மேடையில் ஏறி நின்றது. எடையைக் காட்டச் சொல்லிக் கை காட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கீழே குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் ஒன்று. ஓட்டுப்பதிவு நாளைத் தவிர எல்லா நாளும் ஒன்று வைத்தார்கள். அக்கா அவற்றைத் தள்ளிவிடாமல் அப்படியே விட்டுவைத்தாள். ஏன் என்று கேட்டால், "அவனுங்க கைரேகை இருக்கும்ல" என்றாள். அதை விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஓட்டுப்பதிவு முடிந்தது. எண்ண இன்னும் நாள் இருந்தது. பரிசீலனை அப்படியே இருந்தது. அதற்கு நடுவில் விழுந்தது இரண்டாவது தேதி.

அந்தத் தேதி இன்று. நேற்றுப் பேசும்போது கார் வைத்துப் போ என்று கெஞ்சினேன். பஸ்ஸில் நாலு பேர் இருப்பார்கள், கார் என்றால் தானும் டிரைவரும்தான் என்றாள். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். போன தடவை வந்த பெண் போலீசுக்கு ஓட்டு மெஷின் வைத்திருக்கும் இடத்தில் காவல் போட்டுவிட்டார்களாம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வேறு ஒருவர் வந்து நிற்பார் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். நந்தினி திருச்சியிலிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுவாள். கூண்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை எனக்கு ஒருமுறை ஒப்பித்துக் காட்டினாள். தூக்குச்சட்டி எந்தக் கையில் இருந்தது, அவன் எந்தச் சட்டை போட்டிருந்தான், மாமா கடைசியாக என்ன சொன்னார். ஒன்றும் தடுமாறவில்லை.

காலையில் அவள் பஸ் ஏறியதும் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் கண்டக்டர் விசில் கேட்கிறது.

"தம்பி, கெளம்பிட்டேன். ஜன்னலோரம் சீட்டு கெடச்சுது. இன்னைக்குக் கல்லும் இல்ல, பெல்ட்டும் இல்லடா, வூட்டுலயே வெச்சுட்டேன். சேலைதான் கட்டியிருக்கேன், ஒங்க மாமா எடுத்துக் குடுத்தது. இடுப்பு காத்தாட இருக்கு. எத்தன நாளாச்சு இப்புடி உக்காந்து. நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்க்க முடியவில்லை. மீட்டிங் ஒன்றிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ் எவ்வளவு ஊர்ந்து போனாலும் இந்நேரம் போயிருக்கும். நந்தினி அழைத்தாள்.

"மாமா, அம்மா ஒங்ககிட்ட பேசுனாங்களா? நான் கோர்ட்டு வாசல்லதான் நிக்கிறேன். இன்னும் காணும். பஸ் ஸ்டாண்டுல நிக்கிற போலீசம்மாவும், அம்மா வந்து எறங்கலங்கிறாங்க. பஸ்ஸு மட்டும் வந்துடுச்சாம்."

"உள்ள போயிருப்பா. நீ பாக்காம இருந்திருப்ப" என்றேன்.

"பேரு கூப்புடுற நேரமாச்சு மாமா."

அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அக்காவின் எண்ணை அழுத்தினேன். கோர்ட்டுக்குள் போகிறவர்கள் போனை அணைத்துவிட வேண்டும். அணைத்திருந்தால் நல்லது, அணைத்திருந்தால் உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காதில் வைத்தேன்.

அணைக்கப்படவில்லை. மணி போகிறது.

முழுதாக அடித்து ஓய்ந்தது. திரும்ப அழுத்தினேன். மாடிப்படி ஓரமாகப் போய் நின்றுகொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.